தேசிய இளையோர் அணியின் தெரிவு கிழக்குக்கும் வரவேண்டும்: உதைபந்தாட்ட சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தின் நிர்வாகத்தினருக்கும், தேசிய இளையோர் அணிகளின் தெரிவாளர்களுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் பாடசாலைச் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கிவரும் உடற்கல்வி ஆசிரியர்களுள் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். 17 வயதுக்குட்பட்ட, 20 வயதுக்குட்பட்ட தேசிய அணிகளுக்கான தெரிவுகள் ஒவ்வோர் ஆண்டும், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட திகதிகளில், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நடத்தப்பட வேண்டும் என்பதும், அவ்வாறு தெரிவாகும் சிறுவர்கள் ஒரு தொடர் முடிந்தவுடன் கலைந்துபோக விடப்படாமல் வயது வாரியாகத் தொடர்ந்து பேணப்பட வேண்டும் என்பதும் எனது கோரிக்கை. இதை ஒரு பிரதேசத்துக்கான சலுகையாக நான் கேட்கவில்லை. தேசிய இளையோர் அணியின் போட்டி வரலாற்றை ஆண்டு வாரியாகப் பார்த்த எவருக்கும் இக்கோரிக்கை அந்த அணியின் நலனுக்கானது என்பது விளங்கும் என நம்புகிறேன்.

அந்த வரலாற்றை உள்ளபடி முதலில் எழுதுகிறேன். தெற்காசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பான சாஃப், சிறுவர் பிரிவுக்கான தொடரை 2011ஆம் ஆண்டு காத்மண்டுவில் 16 வயதுக்குட்பட்டோருக்காக ஆரம்பித்தது. பின்னர் அதன் வயதெல்லை 15 ஆகவும், 17 ஆகவும், ஒருமுறை மீண்டும் 16 ஆகவும் மாறி வந்தது. 2025 வரை நடந்த பத்துத் தொடர்களில் இந்தியா ஏழு முறையும், பங்களாதேஷ் 2015இலும் 2018இலும், பாகிஸ்தான் முதல் தொடரிலும் சம்பியனாகின. 2015இல் தொடங்கி 18, 19, 20 என்று வயதெல்லை மாறிவந்த மூத்த இளையோர் தொடரில் நேபாளம் முதலிரண்டு கிண்ணங்களையும், பங்களாதேஷ் 2024இல் ஒன்றையும், இந்தியா 2025 வரையான ஏனையவற்றையும் வென்றன. இவ்விரண்டு பட்டியல்களிலும் இலங்கையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் 1977 முதலும், 17 வயதுக்குட்பட்டோருக்கானது 1985இல் 16 வயதுப் பிரிவாக ஆரம்பித்த நாள் முதலும் நடந்துவருகின்றன. அவை எதிலும் எமது நாடு ஆடியதில்லை. கொழும்பில் இந்தியாவை 1–0 என்று தோற்கடித்து 1995ஆம் ஆண்டின் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்ற நாடு நாங்கள் என்பதை நினைக்கும்போது, அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு சிறுவர் அணி அதே வலிமையுடன் வளர்ந்து வரவில்லையே என்பதுதான் மனதை வருத்துகிறது.

அண்மைய ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை தெளிவாகத் தெரிகிறது. 2022இல் 17 வயதுக்குட்பட்டோர் தொடரைக் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நீங்கள் நடத்தியபோது, பங்களாதேஷும் மாலைதீவும் இருந்த பிரிவிலிருந்து எமது சிறுவர்கள் அரையிறுதிக்குச் சென்றார்கள். அங்கே நேபாளத்திடம் தோற்றார்கள். இறுதிப் போட்டியில் இந்தியா நேபாளத்தை 4–0 என்று வென்றது. அரையிறுதி வரை சென்ற அனுபவத்தின் மீது அடுத்த ஆண்டே ஓர் அணியைக் கட்டியிருக்கலாம். ஆனால் 2023 ஜனவரி 21ஆம் திகதி, நிர்வாகத் தகராறு காரணமாக, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாத இறுதியில் அத்தடை நீங்கியபோது, சில நாட்களில் திம்புவில் ஆரம்பமாகவிருந்த 16 வயதுக்குட்பட்டோர் தொடரில் எமக்கு இடமிருக்கவில்லை. இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு, பாகிஸ்தான் ஆகிய ஆறு நாடுகளும் அதில் ஆடின. மூத்த அணிக்கு பெங்களூரில் நடந்த சாஃப் கிண்ணம் இல்லாமற் போனதைப் பற்றி அன்று பலரும் பேசினார்கள். சிறுவர்கள் இழந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. மூத்த வீரர் ஒருவருக்கு அடுத்த தொடர் இருக்கிறது. 16 வயதுச் சிறுவனுக்கு அந்த வயது மறுபடி வருவதில்லை. நிர்வாகத் தகராறு எதிலும் பங்கில்லாத பிள்ளைகள் அவர்கள். 2024இல் திம்புவிலும், 2025இல் மீண்டும் எமது ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் இலங்கை அணி பிரிவுச் சுற்றுடன் வெளியேறியது. சொந்த மைதானமும் சொந்த ரசிகர்களும் இருந்தும் பங்களாதேஷையும் நேபாளத்தையும் தாண்ட முடியவில்லை என்றால், குறை அந்தப் பதினொரு பேரின் முயற்சியில் இல்லை. அவர்கள் எப்போது, எங்கிருந்து, எவ்வளவு காலத்துக்காகச் சேர்க்கப்படுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இதற்கு மறுபுறமாக ஒரு நாட்டின் கதையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 2006ஆம் ஆண்டு பங்களாதேஷில் நடந்த முதலாவது ஆசிய சவால் கிண்ணத்தில் எமது மூத்த அணி டாக்காவில் ஆடப்பட்ட இறுதிப் போட்டிக்குச் சென்று தஜிகிஸ்தானிடம் 4–0 என்று தோற்றது. அன்று இரு நாடுகளும் ஆசியாவின் வளர்ந்துவரும் அணிகளுக்கான ஒரே தொடரில் ஆடியவை. தஜிகிஸ்தானும் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரைக் கண்ட, எம்மைவிட மக்கள்தொகையில் பாதியளவான, மலைகள் சூழ்ந்த நாடு. அதே 2006இல் அந்நாட்டின் 17 வயதுக்குட்பட்ட அணி ஆசியத் தொடரில் மூன்றாமிடம் பெற்று, மறு ஆண்டு தென்கொரியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில், தோற்றால் வெளியேறும் விலகல் சுற்று வரை சென்றது. 2018இல் ஆசிய 16 வயதுத் தொடரின் இறுதிப் போட்டியில் ஜப்பானிடம் 1–0 என்று மட்டுமே தோற்று 2019இல் பிரேசில் உலகக் கிண்ணத்துக்கும், பின்னர் 2025இல் கட்டார் உலகக் கிண்ணத்துக்கும் அந்நாட்டுச் சிறுவர்கள் சென்றார்கள். அங்கே சிறுவர் அணி முதலில் வளர்ந்தது. அதன்பின்னர்தான் மூத்த அணி முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்று, 2024இன் தொடக்கத்தில் கட்டாரில் நடந்த அத்தொடரில் காலிறுதி வரை சென்றது. டாக்கா மைதானத்தில் எதிரெதிரே நின்ற இரு நாடுகளில் ஒன்று ஏறிய படி எதுவென்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

வாய்ப்பும் இப்போது முன்னரைவிடப் பெரியது. 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் 2025 முதல் 48 அணிகளுடன் ஆண்டுதோறும் நடக்கிறது. 2029 வரை ஐந்து தொடர்களும் கட்டாரில்தான். ஆசியாவிலிருந்து எட்டு அணிகள் தகுதிபெறுகின்றன; போட்டியை நடத்தும் கட்டார் அந்த எட்டில் சேராது. முன்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை திறந்த கதவு இப்போது ஒவ்வோர் ஆண்டும் திறக்கிறது. அதனால் ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் ஓர் அணி தேவைப்படுகிறது. போட்டிக்குப் போட்டி புதிதாக ஆள் திரட்டும் நாடுகளுக்கு இந்த மாற்றத்தால் பயனில்லை. 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை 2–1 என்று தோற்கடித்து இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட அணி ஆசியக் கிண்ணத்துக்குச் சென்றதை நாங்கள் பார்த்தோம். தெற்காசிய அணி ஒன்றுக்கு ஈரானை வெல்ல முடியும் என்பதை நான் எனது மாணவர்களுக்கு இப்போது நம்பிக்கையுடன் சொல்கிறேன்.

மூத்த அணியில் அண்மையில் ஏற்பட்ட முன்னேற்றத்தை நான் மதிக்கிறேன். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் இறுதிக் கட்டத்துக்குச் சென்றதும், 2025 ஜூனில் சீனத் தாய்ப்பேயைக் கொழும்பில் 3–1 என்று வென்றதும் எங்கள் ஊர்களிலும் மகிழ்ச்சியுடன் பேசப்பட்டன. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்து ஜெர்மனியிலும் சுவீடனிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த வீரர்களை அழைத்து வந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். அவர்கள் எமது பிள்ளைகள், அவர்கள் வரவேண்டும். ஆனால் அவர்களுக்கும் ஏறாவூரிலோ கிரானிலோ மருதமுனையிலோ வளரும் சிறுவனுக்கும் இடையிலான வேறுபாடு உடலிலோ இரத்தத்திலோ இல்லை. எட்டு வயதிலேயே ஒரு கழகத்தில் பதிவாகி, கிழமைக்குச் சில நாட்கள் தகுதிபெற்ற பயிற்றுவிப்பாளரிடம் பழகி, கிழமைக்கு ஒரு போட்டி ஆடி வளரும் வாய்ப்பு அவர்களுக்கு அங்கே கிடைத்தது. வேறொரு நாட்டின் சிறுவர் பயிற்சி முறை எமது மூத்த அணிக்கு இவ்வளவு பயன் தருமென்றால், அம்முறையின் சிறு பகுதியையேனும் இங்கே அமைப்பதுதான் அடுத்த வேலை.

இனி எமது மாவட்டங்களின் நிலையைச் சொல்கிறேன். கொழும்பிலோ அதன் அயலிலோ நடக்கும் தெரிவு ஒன்றுக்குப் பொத்துவிலில் இருந்து ஒரு சிறுவன் செல்வதை எண்ணிப் பாருங்கள். அம்பாறைக் கரையோரத்துக்குப் புகையிரதப் பாதை இல்லை. அது மட்டக்களப்போடு முடிகிறது. ஆகவே அவன் இரவு பஸ்ஸில் முழு இரவும் இருந்து, விடியற்காலையில் இறங்கி, உறங்காத கண்களுடன் மைதானத்துக்குப் போய், அரை மணி நேர ஆட்டத்தில் தன் திறமையைக் காட்ட வேண்டும். அவனுடன் ஒரு பெரியவரும் செல்ல வேண்டும். அந்தப் பெரியவர் மீனவராகவோ கூலித் தொழிலாளியாகவோ இருந்தால் இரண்டு நாள் வருமானம் இல்லாமற் போகும். முந்திய இரவு வீட்டில் நிம்மதியாக உறங்கி, காலையில் தாய் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுடன் வந்த சிறுவனுடன் இவனை ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமான தெரிவாகாது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு நகரத்துக்கு வருவதே ஒரு நாள் வேலை. 2021இல் பத்துக் கழகங்களுடன் ஆரம்பிக்கப்பட்ட சுப்பர் லீக்கில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமேனும் இருக்கவில்லை. உயர்மட்டக் கழகம் ஒன்றின் ஊடாகத் தெரிவாளரின் கண்ணில் படும் வழியும் எமது சிறுவர்களுக்கு இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தூரத்துக்கு அடுத்தது மழை. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரின் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி முடியும்வரை எமது மைதானங்களை நீரில் வைத்திருக்கிறது. கரையோரப் பற்றுகளில் தண்ணீர் வடிந்தாலும் தரை இறுகச் சில கிழமைகள் செல்லும். டிசெம்பரிலோ ஜனவரியிலோ ஒரு தெரிவோ பயிற்சி முகாமோ அறிவிக்கப்பட்டால், தென்மேற்கில் வெயில் காயும் மைதானத்தில் தினமும் ஆடிய பிள்ளையுடன், பல கிழமைகள் பந்தையே தொடாத பிள்ளை போட்டியிட நேரிடுகிறது. பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை எமக்கு நல்ல ஆட்டக் காலம். பெரும்போக அறுவடை முடிந்த வயல்களில்கூடச் சிறுவர்கள் கம்பு நட்டு ஆடுவது அப்போதுதான். ஆகவே கிழக்குக்கென ஓர் இளையோர் லீக்கை அந்த எட்டு மாதங்களுக்குள் அமைத்தால் மழையால் போட்டிகள் தடைப்படுவது குறையும். தற்போது எமது சிறுவர்கள் ஆடுவது பெரும்பாலும் விலகல் முறைப் போட்டிகளில்தான்: புத்தாண்டுக் காலத்திலும், கழகங்களின் ஆண்டு நிறைவிலும், மின்னொளியில் ஏழு பேர் கொண்ட ஆட்டமாகவும் அவை நடக்கின்றன. தோற்றால் அன்றே வீடு திரும்பும் போட்டியில் ஒரு பிள்ளைக்குப் பிழைவிட்டுத் திருத்திக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. பயிற்றுவிப்பாளரும் வெல்ல வேண்டும் என்பதற்காக உடல் வளர்ந்த பிள்ளையை ஆட்டி, திறமையான சிறிய பிள்ளையை வெளியே இருத்துகிறார். லீக் முறையில் பத்துப் பன்னிரண்டு போட்டிகள் கிடைத்தால் அந்தச் சிறிய பிள்ளைக்கும் இடம் வரும். இளையோர் உதைபந்தாட்டத்தில் எனக்குள்ள அனுபவத்தில் இதைவிட முக்கியமான ஒரு மாற்றத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

பரீட்சையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 17 வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கு உரிய வயதுதான் க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உரிய வயது. பத்தாம் தரம் வரை நன்றாக ஆடிய பிள்ளையைப் பதினோராம் தரத்தில் பெற்றோர் மைதானத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மாலை நேரம் முழுவதும் ரியூசனுக்குப் போய்விடுகிறது. பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். விளையாட்டால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் திகதி குறித்த ஒரு கடிதம்கூட இல்லை. இந்த மாதத்தில் தெரிவு, இந்த மாதத்தில் முகாம், இந்த மாதத்தில் பரீட்சைக்கு விடுவிப்பு என்று சம்மேளனமும் கல்வி அமைச்சும் சேர்ந்து ஒரு நாட்காட்டியை ஆண்டின் தொடக்கத்திலேயே வலயக் கல்வி அலுவலகங்களுக்கு அனுப்பினால், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பனுடன் என்னால் பேச முடியும். மட்டக்களப்பில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன; அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகியவை உள்ளன. அறிவித்தல் இந்த அலுவலகங்களுக்குத் தமிழில் வந்தால் எமது ஊர்களின் பாடசாலைகளுக்கெல்லாம் சென்றுவிடும்.

முகாமில் பேசப்படும் மொழியும் தெரிவின் ஒரு பகுதியே. பந்து வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிங்களத்தில் வேகமாகச் சொன்னால், அம்மொழி தெரியாத பிள்ளை ஒரு விநாடி தாமதிக்கிறான். பார்ப்பவர் அவனை மந்தமானவன் என்று எழுதிக்கொள்ளக்கூடும். தமிழ் பேசும் துணைப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை ஒவ்வொரு தேசிய இளையோர் குழாமிலும் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. வயதை உறுதிப்படுத்தும் ஆவணங்களிலும் இதேபோன்ற கவனம் வேண்டும். சிறுவர் தொடர்களில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வயது பார்க்கும் காலம் இது. போரிலும் 2004 சுனாமியிலும் பெற்றோர் தமது ஆவணங்களை இழந்த குடும்பங்கள் எமது கரையில் உள்ளன. அக்குடும்பங்களின் பிள்ளைகளுடைய பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் கடைசிக் கிழமையில் தேடவைக்காமல், 13 வயதிலேயே பதிவேட்டில் சேர்த்துச் சரிபார்த்தால் நேர்மையான பிள்ளை எவனும் ஆவணக் குறையால் விடுபட மாட்டான்.

பெண் பிள்ளைகளின் அணிகளைத் தனியே குறிப்பிடாமல் இம்மடலை முடிக்க என் மனம் இடம் தராது. 2021 டிசெம்பரில் டாக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்கள் தொடரில் எமது அணி பங்களாதேஷிடம் 12–0 என்றும், 2025 ஜூலையில் அதே நகரில் 20 வயதுக்குட்பட்ட தொடரில் 9–1 என்றும் தோற்றது. அந்தச் சிறுமிகள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். எதிரே நின்ற பங்களாதேஷ் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத்தான் நாம் படிக்க வேண்டும். மைமன்சிங் மாவட்டத்தின் எல்லைப்புறத்தில் கல்சிந்தூர் என்றொரு கிராமம் உள்ளது. 2011இல் அந்நாடு ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்காக நாடு தழுவிய உதைபந்தாட்டத் தொடரைத் தொடங்கியபோது அக்கிராமப் பாடசாலையின் ஆசிரியர்கள் சிறுமிகளை ஒன்றுதிரட்டிப் பழக்கினார்கள்; அப்பாடசாலை 2013 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசிய சம்பியனானது. அங்கிருந்து பல சிறுமிகள் தேசிய இளையோர் அணிகளுக்கும், பின்னர் மூத்த அணிக்கும் சென்றார்கள். அந்த மூத்த அணி 2022இலும் 2024இலும் காத்மண்டுவில் தெற்காசியச் சம்பியனானது. கல்சிந்தூரை விட வாகரையும் திருக்கோவிலும் வசதியில் குறைந்தவை அல்ல. எமது நாட்டிலேயே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் பெற்ற வெற்றிகள், ஒரு பாடசாலை மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்குச் சான்று.

பணம் இல்லை என்ற பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபிஃபாவின் ஃபோர்வர்ட் திட்டத்தில் 2023 முதல் 2026 வரையான காலத்தில் ஒவ்வோர் உறுப்பு நாடும் எண்பது இலட்சம் அமெரிக்க டொலர் வரை பெறும் வழி வைக்கப்பட்டிருக்கிறது. நான் கேட்பது அதில் மிகச் சிறிய பங்கு. புதிய விளையாட்டரங்கம் எதையும் கேட்கவில்லை. மட்டக்களப்பில் அமெரிக்காவிலிருந்து வந்து எமது பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய மைதானம் இருக்கிறது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் பொது மைதானங்கள் இருக்கின்றன. அவற்றில் மார்ச் மாதத்தில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தெரிவும், கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் ஒரு தெரிவும் நடத்துங்கள். தெரிவாளர்கள் வந்து ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுச் செல்லாமல், லீக் போட்டிகள் நடக்கும் ஆகஸ்ட் வரை இன்னும் இரண்டு முறையேனும் வந்து அதே பிள்ளைகளை மறுபடி பாருங்கள். 14 வயதில் சிறியவனாக இருந்தவன் 16 வயதில் எப்படி வளர்ந்திருப்பான் என்பதை ஒரே பார்வையில் எவராலும் சொல்ல முடியாது. தெரிவாகாத பிள்ளைக்கும் எதில் குறை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எம்மிடம் திரும்பி வரும்போது எதைப் பழக்க வேண்டும் என்பது எமக்குத் தெரியும்.

ஆசிரியர்களும் கழகங்களும் செய்ய வேண்டியதையும் நாங்கள் அறிவோம். மைதானத்தைச் செப்பனிடுவது, பிள்ளைகளின் பெயர்ப் பதிவேட்டை வலயம் வலயமாகத் தயாரிப்பது, வெளியூரிலிருந்து வரும் சிறுவர்களுக்கும் தெரிவாளர்களுக்கும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழி செய்வது ஆகியவற்றை எமது ஊர்க் கழகங்களும் பழைய மாணவர்களும் ஏற்றுக்கொள்ளக்கூடியவர்கள். தமிழ்க் கழகமும் முஸ்லிம் கழகமும் ஒரே மைதானத்தில் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து ஆடியும் சேர்ந்து நடுவர் பார்த்தும் வந்த மாவட்டங்கள் இவை. ஏற்பாட்டுக் குழுவையும் அவ்வாறே இரு தரப்பாரும் சேர்ந்து அமைப்பார்கள்.

அடுத்த ஆண்டுக்கான இளையோர் தெரிவு நாட்காட்டியை நீங்கள் தயாரிக்கும்போது, மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரையோரத்துக்கும் உரிய இரண்டு திகதிகளையும் அதில் சேர்த்து, ஜனவரி முடிவதற்குள் மாவட்ட லீக்குகளுக்கும் வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க முடியாதென்றால் அதற்கான காரணத்தையும் எழுத்திலேயே தாருங்கள். அக்காரணத்தை நீக்குவதற்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று இங்கே கூடிப் பேசுவோம்.

இங்ஙனம்,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.